உள்ளங்கைக் கம்பு

“கோழி கொத்தட்டும் சாமி, அப்புறம் பேசலாம்” என்று சொல்லி, மயிலம்மாள் டீச்சர் வசந்தாமணியின் உள்ளங்கையில் கொஞ்சம் கம்பை வைக்கிறாள். எட்டு வயதுக்காரியின் மூக்கு இன்னும் விடைத்திருக்கிறது. கறுப்புப் பெட்டைக்கோழி இரண்டு எட்டு வருகிறது. பெண் காலை உதைத்ததும் பறந்து வைக்கோற்போரில் ஏறிக்கொள்கிறது. கோபம் வரும்போதெல்லாம் இதுதான் பாடம்; டீச்சர் கடிந்துகொள்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கிழிசலைத் தைக்கிறாள்.

மோகனூர்க் காவிரிக் கரையில் இந்தத் தோட்டத்து வீட்டுக்கு அவள் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. வயது நாற்பது. தகரப் பெட்டியில் நான்கு சேலை, ஒரு சிலேட்டு, பிரம்பு கிடையாது. குடை உண்டு, ஆனால் மழையில் விரிக்க மாட்டாள், துணி நைந்துபோகுமாம்.

போன ஆடிப் பதினெட்டுக்கு விருந்தாக வந்த அத்தை மகனின் காதை வசந்தாமணி கடித்துவிட்டாள். அதன் பிறகுதான் டீச்சரைத் தேடிப் பிடித்தார்கள். இப்போது எழுத்து வந்துவிட்டது. கோபம்தான் போக மாட்டேன் என்கிறது.

தாய் பொன்னாத்தாள் வருவதற்கு முன்பே அவள் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும். அதற்கே கோழி ஓடும். நேற்று மகள் மோர்ப்பானையை உதைத்து உடைத்ததும் அந்தச் சத்தம் விரைந்து வந்தது.

“ஏனுங்க டீச்சரம்மா, பாடஞ் சொல்ல வெச்சா எம்புள்ளயக் கோழி மேய்க்க உட்டிருக்கறீங்க! முதுகுல நாலு வெச்சா அடங்கிப் போவா.”

“அடிச்சா அடங்குமுங்க. கோவம் உள்ள போயி உக்காந்துக்குமுங்க.”

“கோழி வந்து சொல்லுச்சுங்களா? ஆடி நோம்பிக்கு விருந்து வர எட்டு நாளு கெடக்குது. அதுக்குள்ள சரியாகலீன்னா பொட்டியக் கட்டிக்குங்க.”

கட்டிக்கொண்டு போக, அண்ணன் வீட்டில் டீச்சருக்கு ஒரு மூலைகூட இல்லை. “ஆகட்டுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனாள். தன் கையிலேயே கம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை நடுங்கியது. கோழி கிட்டே வந்து, விலகிப் போனது.

வசந்தாமணி வந்து அருகில் குந்தினாள். “கோவமாங்க டீச்சர்?”

“இல்லயே சாமி.”

“பொய்யி. கோழிக்குத் தெரியுமுங்க.” தன் இரண்டு கைகளையும் டீச்சரின் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். “ஆட்டாதீங்க. வரும்.”

கோழி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஓர் எட்டு வைத்தது.

டீச்சர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். வாசற்படியில் பொன்னாத்தாள் நின்றிருந்தாள். இடுப்புச் சாவிக்கொத்தைச் சத்தம் எழாதபடி இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திப் பிடித்திருந்தாள்.