ஊதா மை

நேற்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை மைப்பேடில் அழுத்தியதும் எழுந்த ஊதா மை வாசனை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டி இட்லி ஆவியும் பஞ்சர் சொல்யூஷன் நெடியுமாக நின்ற தகரக் கடைகளுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே மேம்பாலத் தூண்கள்தான் நிற்கின்றன.

இட்லிக் கடை அம்மாவுடையது. கடைக்காரர் சங்கத்துக்கும் அவள்தான் செயலாளர். கேட் மூடி கூட்ஸ் வண்டி தடதடத்துப் போகும் நேரமெல்லாம், மேம்பாலத்துக்காகக் கடைகளை இடித்தால் மாற்று இடம் கொடுங்கள் என்ற மனுவோடு கடை கடையாக ஏறி இறங்குவாள். ஒருநாள் மீதிப் பத்துக் கடைகளில் கைநாட்டு வாங்கி வர என்னை அனுப்பினாள். பள்ளித் தோழிகள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சத்தில், கேட்மேன் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கடைக்காரர் பெயருக்கும் ஒரு விரலாக என் பத்து விரல்களையும் பதித்தேன்.

மனு கொடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அதிகாரி மனுவைப் புரட்டி, சின்னச் சின்ன ரேகைகளைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, உங்க சங்கத்துல எல்லாரும் கொழந்தைங்களா?"

"இன்னாக்கா இது? எங்கடையாண்ட யாருமே வர்லியே!" என்றார் எங்களோடு வந்திருந்த பஞ்சர் கடை அண்ணன்.

"நான்தாம்பா எம் பொண்ணைக் கைநாட்டு வெக்கச் சொன்னேன். அதும்மேல தப்பில்ல," என்றாள் அம்மா.

மனு திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தில் சங்கத்தார் செயலாளர் பதவியையும் மைப்பேடையும் திருப்பிக் கேட்டார்கள். அம்மா மைப்பேடை முந்தானையால் துடைத்துக் கொடுத்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.