மொழி மாற்றும் அக்கா

நாற்காலியில் சம்மணம் போட்டபடி அக்கா அதே கணக்கை மறுபடியும் முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். இந்த முறை ரஸ்ட் என்ற கணினி மொழியில். போன வருடம் ஜூலியா. அதற்கு முன் சி பிளஸ் பிளஸ். அன்றாடம் ஓடிக்கொண்டிருந்தது என்னவோ முதன்முதலில் எழுதிய பைத்தான்தான்.

ஆற்று வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் அலுவலகம் எங்களுடையது. மலையில் பெய்த மழை ஊருக்குள் வர நாலு மணி நேரம். எவ்வளவு உயரம் வரும் என்று கணினி சொல்லி முடிக்க ஐந்து மணி நேரம்.

“வெள்ளம் வந்தப்புறம் வெள்ளம் வரும்னு சொல்ற ஒரே ஆபீஸ் நம்மதுதான்” என்பார் அக்கா. எச்சரிக்கையைத் தொலைபேசியில் சொல்வது என் வேலை. “தெரியுதுங்க, முழங்காலுக்கு நிக்குது” என்று ஒருமுறை பதில் வந்தது. அன்று அக்கா சாப்பிடவில்லை.

வேகமான மொழி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். ஒவ்வொன்றோடும் மூன்று மாதக் காதல். “ஜூலியா நல்ல பொண்ணுதான், காலையில எழுந்திரிக்கத்தான் லேட்டாகும். ரஸ்ட் இருக்கே, ஓடுறதுக்கு முன்னாடியே நாப்பது குறை சொல்லும். வீட்ல இருக்கற மாதிரியே இருக்கு.” பாதியில் அடுத்ததற்குத் தாவிவிடுவார். ஒரு மொழியிலும் ஒரு வரி எழுதத் தெரியாத நான், ஒவ்வொரு முறையும் “இதுதான்க்கா!” என்று கைதட்டினேன்.

மழைக்காலத்துக்கு ஒரு வாரம் முன்பு, ரஸ்டின் பெருமையை மேலதிகாரிக்குக் காட்டுவதற்காக, பழைய பைத்தான் நிரலில் எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று முதன்முறையாக அளந்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே வரி தின்றிருந்தது. ஒவ்வொரு படியிலும் எல்லா எண்களையும் கோப்பில் எழுதிவைக்கும் வரி அது. ஆறு வருடத்துக்கு முன் சோதனைக்காகச் சேர்த்தது. பக்கத்தில் ‘நாளைக்கு எடுத்துடணும்’ என்று ஒரு குறிப்பு.

“யாருடா இந்த மேதைன்னு பாத்தேன். நான்தான்.”

வரியை அழித்தார். ஐம்பது நிமிடத்தில் கணக்கு முடிந்தது.

“கடைசியில எந்த மொழிம்மா ஜெயிச்சது?” என்று கூட்டத்தில் கேட்டார் அதிகாரி.

“மொழி மேல தப்பில்ல சார். முழங்கால் தண்ணி என்னாலதான்.”

முதல் பெருமழையன்று ஆற்றோர மருத்துவமனைக்கு அக்காவே பேசினார். “மூணு மணி நேரம் இருக்குங்க. கீழ்த்தள நோயாளிங்களை மேல ஏத்திடுங்க.”

இரண்டு மணி நேரத்தில் தலைமைச் செவிலி திரும்ப அழைத்தார். “எல்லாரும் மேல வந்தாச்சும்மா. தண்ணி இன்னும் வரல.”

“சரிங்க” என்றார் அக்கா. எதிர்முனையில் வைத்துவிட்டார்கள். அக்கா மட்டும் தலையை ஆட்டியபடி, “சரிங்க... சரிங்க...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.