புண் ஆறிய பின்னும் வற்றாத நெறி

கொடுத்த வாக்கை மீறி அன்றைக்கே அத்தானிடம் சொல்லியிருந்தால், அக்கா இன்று நம்மோடு இருந்திருப்பாரா? ஓராண்டாக இந்தக் கேள்வியோடுதான் நான் எழுகிறேன். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் நீங்கள் இந்த மலரில் அவருடைய நற்குணங்களைப் படிக்கவே விரும்புவீர்கள். அவற்றையும் எழுதுகிறேன். அவை மட்டும் போதாது என்று படுகிறது.

அக்கா கொல்லயில் ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அம்மா இறந்துபோனார். அப்போது எனக்கு நான்கு. அன்று முதல் அடுப்படி அக்காவுடையது. அப்பாவுக்குக் கஞ்சி வைத்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, மணி அடித்த பிறகு மிஷன் பள்ளிக்கு ஓடுவார். பின்னாளில் அதே பள்ளியில் தமிழ் ஆசிரியையானார். பாறசாலையில் துணிக்கடை வைத்திருந்த அத்தானை மணந்து ஒரு மகளைப் பெற்றார். வகுப்பில் பிரம்பைத் தொட்டதில்லை. டீச்சரின் நாக்கே போதும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

நம் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நாட்களில் என் குழந்தை பிறந்தது. எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கண்டபோது, அக்கா லீவு போட்டு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். நான் வலி பொறுக்காமல் அழுதேன்.

"வலிச்சா நல்லதாக்கும் மக்கா. எனக்கும் ஒரு கட்டி உண்டு, புளியங்கொட்டை கணக்கா. அதுக்கு வலியே கிடையாது."

"எக்கா, டாக்டரிட்ட காட்டினியளா?"

"நெஞ்சைத் திறந்து ஆம்பிளைக்குக் காட்டவா? போட்டீ! இந்தச் சமரம் ஒண்ணு முடியட்டும். அத்தானிட்ட சொன்னா கடையைப் பூட்டிப்போட்டு உக்காந்திருவாவ. சொல்ல மாட்டேன்னு என் கையில அடி."

அவர் நீட்டிய கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு பெண்கள் ஊர்வலம் சந்தை வழியாகப் போனது. போலீஸ் வண்டி வருகிறது என்று யாரோ கத்த, கூட்டம் சிதறியது. அக்கா சந்தை வேலியின்மேல் விழுந்தார். முள்கம்பி இடது கையைக் கிழித்தது. மறுநாள் காலையில் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலிலேயே அழத் தொடங்கினார்.

"எத்தனை அடி அடிச்சானுவ டீச்சரே?"

"ஆரும் அடிக்கல்ல பெரியம்மா. நானாக்கும் விழுந்தது. வேணும்னா அந்த வேலியைப் பிடிச்சு ஜெயில்ல போடச் சொல்லுங்க."

"அப்பிடிச் சொல்லப்பிடாது. ஊரெல்லாம் அடின்னு சொல்லியாச்சு!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். முதலில் வந்தவர்களிடமெல்லாம் மறுத்தார். பிறகு மறுப்பதை விட்டுவிட்டார்.

ஒரு மாதத்தில் இடது அக்குளில் நெறி கட்டி வீங்கியது. கையில் புண் இருந்தால் அக்குளில் நெறி கட்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. போலீஸ் அடி உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள். புண் ஆறித் தழும்பாயிற்று. நெறி மட்டும் வற்றவில்லை. எனக்கு அந்தப் புளியங்கொட்டை நினைவுக்கு வந்தது. கேட்டேன். "கையடிச்சது மறந்துபோச்சா?" என்றார். புண்ணால் வந்த நெறிதான் என்று நானும் நம்பினேன். அப்படி நம்புவது எளிதாக இருந்தது.

அடுத்து முதுகுவலி. வாயு என்று நினைத்து வர்ம ஆசானை அழைத்தோம். அவர் கொடுத்த எண்ணெயை என் கையாலேயே தினமும் தடவினேன். பத்தாம் நாள் ஆசான், "இது என் கைக்கு நிக்கிற வலி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குள் அக்காவின் கண்கள் மஞ்சளாகியிருந்தன. காமாலை என்றோம். நெறி, வாயு, காமாலை என்று ஒரே நோய்க்கு நாங்கள் மூன்று பெயர் வைத்திருந்தோம்.

திருவனந்தபுரத்தில் டாக்டரம்மா மார்பையும் அக்குளையும் தொட்டுப் பார்த்து, முதுகை எக்ஸ்ரே எடுத்தபின் என்னைத் தனியே அழைத்தார். ஏன் முன்பே கொண்டுவரவில்லை என்று மலையாளத்தில் கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். புற்று மார்பில் பிறந்தது. உடம்பில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் உண்டு. மார்பிலிருந்து அவை பெரும்பாலும் அக்குளுக்குத்தான் போகும். மேல்வயலில் முற்றிய களையின் விதை வாய்க்கால் வழியே கீழ்வயலுக்கு வருவது போல, புற்றின் துணுக்குகள் அங்கே போய்த் தங்கி வளர்ந்தன. இரத்தத்தில் கலந்தவை முதுகெலும்பிலும் ஈரலிலும் முளைத்துவிட்டன. எலும்பில் முளைத்தாலும் அது எலும்பின் நோயல்ல, மார்பில் பிறந்த அதே புற்றுதான்.

"கையில் பட்ட காயம்?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

"நான் தடவிய எண்ணெய்?"

அதுவும் காரணமில்லை, அதற்கு முன்பே எலும்புக்குப் போயிருந்தது என்றார்.

"கட்டி சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால்?"

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிழைத்திருக்கலாம், அன்றே உள்ளே பரவியும் இருந்திருக்கலாம் என்றார். கடைசியாக, "எனிக்கறிஞ்ஞுகூடா மோளே" என்று, தனக்கும் தெரியாது என்றார்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எல்லை முடிவாகி, நம் ஊர் கேரளத்தோடு நின்றுவிட்ட செய்தியை அத்தான் வந்து சொன்னபோது, அக்கா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சற்றுக் கழித்து என் பக்கம் திரும்பினார். "சமரம் முடிஞ்சுதுல்லா மக்கா. இனி டாக்டரிட்ட போவமா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் வெளியே போய் அழுதேன்.

கடைசி வாரத்தில் மகள் பக்கத்திலிருந்து அந்தத் தழும்பைத் தடவி, "இங்கதானேம்மா போலீசு அடிச்சது?" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். "ஆமா மக்கா" என்றார். மூன்றாம் நாள் விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

தன் கைக்குள் அடங்காததை மறைக்காமல் சொன்ன ஆசானுக்கும், எங்கள் மொழி எதுவென்று கேட்காமல் கவனித்த டாக்டரம்மாவுக்கும், பஸ் ஓடாத நாட்களில் கார் பிடித்துத் தந்தவர்களுக்கும், முறை வைத்து இரவும் பகலும் உடனிருந்த சபைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை எழுதி முதலில் அத்தானிடம்தான் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்ததை அன்றுதான் அவர் அறிந்தார். தாள்களை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "அச்சுக்குக் குடு. ஆனா பிள்ளையிட்ட நீயாக்கும் சொல்லணும்" என்றார்.

அக்கா மகளுக்கு இப்போது பதினொரு வயது. தன் அம்மா அடிபட்டுச் செத்தார் என்று பள்ளியில் பெருமையாகச் சொல்கிறாள். என் மடியிலிருக்கும் குழந்தைக்கும் அதையே கதையாகச் சொல்கிறாள். நாளை அக்கா மகளுக்கும் மார்பில் ஒரு கட்டி வந்தால், வலியில்லை என்று சும்மா இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். உண்மையைச் சொன்னால், அக்கா சாகும் நேரத்தில் கொடுத்துப்போன அந்தப் பெருமையையும் நான் பிடுங்கியவளாவேன். அதோடு, சித்திக்கு முன்பே தெரியும் என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டும்.

இந்த மலரில் அவளுக்கான பிரதி என் பெட்டிக்குள் இருக்கிறது. பெண்மக்களை வளர்த்தவர்கள் உங்களில் பலர் உண்டு. எப்போது கொடுக்கட்டும், எதை முதலில் சொல்லட்டும்? தயவுசெய்து யாராவது எனக்குச் சொல்லுங்கள்.