வெந்நீர்க் குளத்தில் புதுக் கைலி

ஜப்பான் பயணத்தைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம் பனியைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிடுவேன். பனி தவிர இன்னொன்றும் அங்கே நடந்தது. வெட்கப்பட்டு இதுவரை சொல்லாமல் விட்டேன். இப்போது பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டீர்கள். எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஷார்ஜாவில், பட்டறைகள் நிறைந்த சனையாவில், பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் கடையில் இருந்தேன். ஜப்பானில் ஓடிப் பழசான கார்களை முன்பாதி பின்பாதியாக வெட்டி, கன்டெய்னரில் அடுக்கி அனுப்புவார்கள். முன்பாதியில் இன்ஜின் இருக்கும். வந்து இறங்கும் இன்ஜினில் எது ஓடும், எது ஓடாது என்று பார்த்துப் பிரிப்பது என் வேலை. ஆயில் கேஜை உருவி, இரண்டு விரலில் தேய்த்து மோந்து பார்ப்பேன். கருகல் வாடை அடித்தால் ஒதுக்கிவிடுவேன். படித்து வந்த வேலை இல்லை, மூக்கும் விரலும் பழகிய வேலை.

அப்போது நீங்கள் ஊரில் உங்கள் உம்மாவோடு இருந்தீர்கள். உங்களில் சின்னவளான மகளை நான் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டாவது தடவை லீவில் வந்தபோது, என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். லீவு முடியப் போகும்போதுதான் பக்கத்தில் வந்தாள். குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்கு அர்பாப், அதாவது எங்கள் அரபு முதலாளி, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பாத்துக்கலாம்" என்பார்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். அரபியும் இந்தியும் கலந்துதான் அவர் பேசுவார்.

"ஜப்பான்ல ஒரு கிழவர் இருக்கார். அவர் யார்டுல வெட்டுற வண்டி எல்லாம் சுத்தமான சரக்கு. நம்மளுக்கு நேரா தரமாட்டேங்கறார். நீ போ. மாசம் ஒரு கன்டெய்னர்னு கையெழுத்து வாங்கிட்டு வா. உன் ஃபேமிலி விசாவுக்கு நான் கையெழுத்துப் போடறேன். கலாஸ், பேச்சு முடிஞ்சது."

"நீங்க வரலையா அர்பாப்?"

"எனக்கு வேலை இருக்கு" என்று வேறு பக்கம் பார்த்தார்.

ஷார்ஜாவின் கடைத்தெருவான ரோலாவில் ஒரு பூத்திலிருந்து உம்மாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். காசு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "மச்சான், நாளைக்கே புள்ளைகளுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துடவா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணும் ஆகல. பொறு."

"எடுத்து வச்சுக்கிட்டா என்ன, போட்டோ கெட்டா போயிரும்?"

மறுவாரம் பேசியபோது எடுத்துவிட்டதாகச் சொன்னாள். சின்னவள் போட்டோக்காரரிடம் சிரிக்கவே மாட்டேன் என்றுவிட்டாளாம்.

ரோலாவில் சந்தைக் கடையில் ஒரு தடித்த ஜாக்கெட்டும் குரங்குக் குல்லாவும் வாங்கினேன். கூடவே புதிதாக ஒரு கைலி, கருநீலத்தில் கட்டம் போட்டது. பெரிய மனிதரைப் பார்க்கப் போகும் இடத்தில் பழைய கைலி கட்ட வேண்டாம் என்று நினைத்தேன். எங்கள் ரூமில் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். பெயிண்டர். நான் பெட்டி அடுக்குவதைக் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசு எதுக்கு பாய்? பழசுன்னா ஒடம்போட ஒட்டிக் கெடக்கும்ல."

"போற எடத்துல மரியாதையா இருக்கட்டும்னுதான்."

"ஜப்பான்காரன் ஒங்க கைலியவா பாக்கப்போறான்!" என்று சிரித்தார்.

டிசம்பர் மாதம் போய் இறங்கினேன். எனக்கும் கிழவருக்கும் நடுவில் பேசுவதற்கு ஒரு பாகிஸ்தான்காரர் வந்தார். அந்த நாட்டிலேயே கல்யாணம் செய்து பல வருஷமாக இருப்பவர். என்னோடு அவர் பேசியது முழுக்க உருது. நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாளும் யார்டில் போயின. கிழவர் எழுபதை நெருங்கியவர். உயரம் குறைவு. காதில் பென்சில் சொருகியிருப்பார். நான் கேஜை உருவி மோந்து பார்க்கும்போது கூடவே நிற்பார். நான் வைத்த பிறகு அவரும் அதே கேஜை உருவி மோந்து பார்ப்பார். நான் ஒதுக்கிய இன்ஜின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுவார். விலையைப் பற்றியோ கன்டெய்னரைப் பற்றியோ அவர் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே ஓர் ஊருக்குப் போனார். பெரிய ஏரி. கரை ஓரமெல்லாம் தண்ணீர் உறைந்து வெள்ளையாக இருந்தது. கூரை, மரம், நிறுத்தியிருந்த சைக்கிள், எல்லாவற்றின் மேலும் பனி. அதற்கு நடுவில் சாக்கடை மூடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நிலத்துக்கு அடியிலிருந்து வெந்நீர் தானாக வருகிற ஊர் அது. குளிப்பதற்கென்றே ஜனங்கள் வருகிறார்கள்.

"இவர் பழக்கம் இது பாய்" என்றார் பாகிஸ்தான்காரர். "ஒண்ணா குளிச்சு, ஒண்ணா சாப்பிட்ட பிறகுதான் வியாபாரம் பேசுவார். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. உள்ள ஒரு துணியும் கூடாது."

"துண்டு?"

"தலையில வச்சுக்கலாம்" என்று சிரித்தார். "நான் இதுவரைக்கும் எறங்கினதே இல்ல. சளி புடிச்சிருக்குன்னு சொல்லிடுவேன். நீங்களும் அதையே சொல்லுங்க."

விடுதி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். நம் மார்க்கப்படி தொப்புளிலிருந்து முட்டி வரை மறைத்தாக வேண்டும். ஆம்பிளைக்கு ஆம்பிளை ஆனாலும் அதுதான். சளி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால், இந்த மனிதர் குளிக்காமல் பேசமாட்டார். பேசாவிட்டால் கையெழுத்து இல்லை, உங்கள் விசாவும் இல்லை. ஊரில் குளத்திலும் ஆற்றிலும் கைலியோடுதானே எல்லோரும் இறங்குகிறோம், யார் என்ன சொன்னார்கள், தண்ணீர் எங்கேயும் தண்ணீர்தானே என்று ஒரு நியாயம் தோன்றியது. புதுக் கைலி, சுத்தமானது. அதைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

குளியல் கூடத்தில் முதலில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நன்றாகக் கழுவிக்கொண்டு, பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கைலியை அவிழ்க்காமலே கழுவி முடித்தேன். கல் பதித்த குளம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே ஏரி. கழுத்தளவுத் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிழவரும் அதில் ஒருவர். தலையில் ஒரு சின்னத் துண்டு.

இறங்கினேன். சூடு பொறுக்க முடியவில்லை, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது கைலிக்குள் காற்று அடைத்துக்கொண்டு, குடத்தைக் கவிழ்த்தது போல முன்னால் உப்பி எழுந்தது. நம் ஊரில் சின்னப் பையன்கள் நீச்சல் பழகுவதற்கு வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். நான் இரண்டு கையாலும் அதை அமுக்கினேன். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழுந்தது.

அது பரவாயில்லை. அடுத்துத்தான் சாயம் இறங்கியது.

புதுக் கைலியை முதலில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று நம் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உம்மா எப்போதும் செய்து கொடுத்துவிடுவாள். ரூமில் அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சூட்டில் என்னைச் சுற்றி ஒரு நீல வட்டம் கிளம்பி, மெதுவாகப் பரவிப் பக்கத்தில் இருந்தவர் கைக்குப் போனது. அவர் கண்ணைத் திறந்தார். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போனார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் நானும் கிழவரும் மட்டும் இருந்தோம். நீலம் அவர் தோள்வரை போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் எழுந்து போனார். விடுதிக்காரர் வந்து எட்டிப் பார்த்து, குனிந்து மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

"யா அல்லா! சளின்னு சொல்லச் சொன்னேனே பாய்!" என்று பாகிஸ்தான்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் குளத்துத் தண்ணி பூராவும் எறக்கிவிடறாங்க. நாளைக்கு கிழவர் உங்கள ஊருக்கு அனுப்பிடுவார்."

சாப்பாட்டில் நெத்திலி அளவில் ஏரி மீன் பொரித்து வைத்திருந்தார்கள். சோறும் இருந்தது. கிழவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கையெழுத்து போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறவளிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசனை. அர்பாப் திடீரென்று மனசு மாறிவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

காலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார்கள். கிழவரே நின்றிருந்தார். ரப்பர் பூட்ஸ், கையில் குடை. வா என்று தலையை அசைத்தார். நான் பாகிஸ்தான்காரரை எழுப்பி அழைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஏரிக்கரையில் ஒரு நீளமான கல் தொட்டி. அதில் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. மேல்முனையில் ஒரு அம்மா வலைப்பையில் முட்டை போட்டு வேக வைத்துக்கொண்டிருந்தார். கிழவர் கீழ்முனையில் உட்கார்ந்து, பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, பேண்ட்டை முட்டி வரை சுருட்டி, காலைத் தண்ணீரில் விட்டார். பக்கத்துக் கல்லைக் கையால் தட்டினார்.

முட்டிக்குக் கீழே தானே. நானும் உட்கார்ந்து காலை விட்டேன். பனி விழுந்துகொண்டிருந்தது, காலில் மட்டும் சூடு.

கிழவர் என் காலைப் பார்த்தார். முந்தின நாள் சாயம் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் அப்படியே பிடித்திருந்தது. தன் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினார். அங்கேயும் நீலம். அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாகிஸ்தான்காரர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உங்க முதலாளி ரெண்டு வருஷம் முன்னால இங்க வந்தாராம். குளிக்கக் கூப்பிட்டப்போ காய்ச்சல்னு சொன்னாராம். ஆனா சாப்பாட்டுல ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்."

எனக்கு இது புதுச் செய்தி. அர்பாப் ஏன் வேறு பக்கம் பார்த்தார் என்று விளங்கியது.

"அதுக்கு முன்னால துபாய்லேருந்து ஒருத்தர் வந்தார், அவருக்கு வயித்து வலி. எனக்கு எப்பவும் சளி, அதுவும் அவருக்குத் தெரியுமாம்" என்று சொல்லும்போது பாகிஸ்தான்காரர் குரல் இறங்கியது. "அந்தப் பக்கத்துலேருந்து வந்து தண்ணியில எறங்கின முதல் ஆள் நீங்கதானாம். எதுக்குத் துணி கட்டினீங்கன்னு கேக்கறார்."

தொப்புளிலிருந்து முட்டி வரை என்று கையால் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

கிழவர் கேட்டுவிட்டு ஒரே வரிதான் சொன்னார்.

"அதைச் சொல்லியிருக்கலாமே. நேத்தே இங்க வந்து உக்காந்திருப்போமேங்கறார்."

சளி என்று சொல்லலாமா என்று யோசித்தேன், கைலி கட்டலாமா என்று யோசித்தேன். உள்ளதைச் சொல்வது என்ற ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மா ஆளுக்கு ஒரு முட்டை கொடுத்தார். உரித்துச் சாப்பிட்டோம். கிழவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு சின்னத் தாளில் எழுதினார். இரண்டு மாதத்துக்கு ஒரு கன்டெய்னர். வந்து இறங்கும் இன்ஜின்களை நானே பார்க்க வேண்டும், கருகல் வாடை அடிப்பது எத்தனை என்று ஒளிக்காமல் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். மாதம் ஒன்று என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்று தலையை ஆட்டினார். மறுபடி கேட்கவில்லை. அவர் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஷார்ஜாவுக்குத் திரும்பி அர்பாப் மேஜையில் தாளை வைத்தேன்.

"மாசம் ஒண்ணுன்னு சொன்னேன்" என்றார்.

"ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுதான் தருவாராம்."

தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குளிக்கக் கூப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டார். எறங்கினேன்."

"எப்படி?"

"கைலியோட."

அர்பாப் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். காய்ச்சலைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. விசாத் தாளில் உடனே கையெழுத்துப் போட்டுவிடவும் இல்லை. மாசம் ஒன்று, மாசம் ஒன்று என்று முனகிக்கொண்டே நோன்பு மாதத்தையும் கடத்தினார். முதல் கன்டெய்னர் வந்து, இரண்டே இன்ஜின்தான் ஒதுக்கினேன் என்று பார்த்த பிறகு, பெருநாள் கழித்து ஒருநாள் தானாகவே தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ரூமில் புதுக்கோட்டைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "உப்புத் தண்ணில ஊறப்போடலையா பாய்?" என்றார்.

ஜூன் கடைசியில் உம்மாவும் நீங்கள் இரண்டு பேரும் வந்து இறங்கினீர்கள். மகள் விமான நிலையத்தில் உம்மாவின் துப்பட்டிக்குள் போய் நின்றுகொண்டாள், என்னிடம் வரவில்லை. ரோலாவில் எடுத்திருந்த ஒற்றை அறை வீட்டுக்கு வந்ததும் உம்மா அவளைக் குளிப்பாட்டக் கூட்டிப்போனாள். உள்ளேயிருந்து ஓர் அலறல். கதவைத் திறந்து ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"வாப்பா! பச்சைத்தண்ணி பைப்புல வெந்நி வருது! ரெண்டு பைப்புலயும் வெந்நி!"

கோடையில் அங்கே அப்படித்தான். மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, எந்தக் குழாயைத் திறந்தாலும் சுடும். இனிமேல் காலையிலேயே வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது என்று உம்மா ஞாபகப்படுத்தினாள். எங்கள் குளியலறை மூலையில் தரை துடைக்க ஒரு துணி கிடந்தது. கருநீலம் போய் வெளிர்நீலமாகியிருந்தது. உம்மா அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "நல்ல கைலிய ஏன் இப்புடி ஆக்கி வச்சிருக்கீங்க மச்சான்?" என்று கேட்டாள்.

பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவளும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.