மஞ்சள் ஹொட் ரொட்டும் மிஞ்சிய கேஸ்கட்டும்

பழைய காரின் கூரையை வெட்டித் தாழ்த்தி, முன்மூடியைக் கழற்றி எறிந்து, அதன் வயிற்றுக்குப் பொருந்தாத பெரிய எஞ்சினை வைத்துக் கட்டுவதற்கு ஹொட் ரொட் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் சாமானைக் கெடுத்துத் தரும்படி ஆட்கள் வந்து கெஞ்சுகிற தொழில் இது ஒன்றுதான்.

தொண்ணூறுகளில், லண்டன் வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குக் கீழே, நானும் என் மனைவியின் தமையன் குலமும் இதைச் செய்தோம். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய அதே பழைய ஆங்கிலக் கார்களைத்தான் இங்கே வெட்டினார்கள். குலத்துக்கு அந்தக் கார்களைத் தெரியும், எனக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு சாமானைக் கழற்றிப் பூட்டிய பிறகு கையில் மிஞ்சிய நட்டை ஒருவரும் பார்க்காமல் பொக்கற்றுக்குள் போட்டவர்களே, நீங்கள் எல்லோரும் என் சொந்தக்காரர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிறேக்

எஞ்சினில் கை வைக்கும் முன் பிறேக்கை மாற்றுங்கள். பழைய பிறேக் பழைய எஞ்சினுக்கே போதாது. இதைச் சொன்னால் வாடிக்கையாளருக்கு முகம் வாடிவிடும். எல்லோருக்கும் எஞ்சின்தான் முதலில் வேண்டும்.

ஹரி ஓய்வு பெற்ற ஆங்கிலேய பஸ் டிரைவர். கறளும் துருவுமாகக் கிடந்த கார் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, இதில் ஆகப் பெரிய எஞ்சினைப் பூட்டித் தா என்றார். அவர் மனைவி டோரீனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இனித் திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். முழுக்க இருட்டுவதற்குள் அவளை இந்தக் காரில் கடல் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் ஹரியின் ஆசை. குலம் சில்லையும் பிறேக்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஓடுறது பெரிய வேலையில்லை, நிக்கிறதுதான் வேலை எண்டு அந்தாளுக்குச் சொல்லு" என்றான். சொன்னேன். ஹரி சிரித்தார். "வாழ்க்கை முழுக்க பஸ் ஓட்டி, ஒவ்வொரு தரிப்பிலும் நின்று பார்த்துவிட்டேன். ஒரு தடவையாவது நிற்காமல் போக வேண்டும்."

கூரையை வெட்டும் முன்

கூரையை வெட்டுவதற்கு முன், அந்தக் காரில் போகப்போகிறவர்களைச் சீட்டில் இருத்திப் பாருங்கள். வெறும் காரை அளந்து வெட்டினால் பிறகு ஆயுள் முழுக்கக் குனிந்துகொண்டுதான் போக வேண்டும். வெட்டிய தகரம் திரும்ப வளராது.

டோரீன் தேவாலயத்துக்குப் போடும் தொப்பியோடு வந்து ஏறி இருந்தாள். வளைவின் வாசலால் மாலை வெயில் சரிந்து விழ, தூசி பொன்னாக மிதந்தது. மேலே ரயில் போகும்போதெல்லாம் அந்தத் தூசி ஒருமுறை நடுங்கி, திரும்ப மிதக்கும். குலம் சோக்கட்டியால் கோடு கீறினான். ஹரி இன்னும் கீழே, இன்னும் கீழே என்றார். ஹொட் ரொட் ஆட்களுக்குத் தாழ்ந்த கூரைதான் அழகு. டோரீன் கையை நீட்டி, முன்கண்ணாடி கழற்றிய வெளியைத் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஆனால் வானத்தை வெட்டிவிடாதீர்கள். அது எனக்கு இன்னும் தெரிகிறது."

குலம் கோட்டை அழித்து மேலே கீறினான். 

ஒரு பொட்டு, பிறகு தேத்தண்ணி

வெட்டிய கூரையை ஒட்டும்போது ஒரே இழுப்பில் வெல்டிங் செய்யாதீர்கள். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, பிறகு ஆற விடுங்கள். மெல்லிய தகரம் சூட்டைத் தாங்காது. பற்றரி வயரைக் கழற்றவும் மறக்காதீர்கள்.

எனக்கு அவசரம். டோரீன் வருகிற ஒவ்வொரு முறையும் வாசற்படியைக் காலால் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குலம் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் ஒரு பக்கத்தை ஒரேயடியாக ஒட்டினேன். தகரம் கண் முன்னாலேயே புடைத்து, நெளிந்து, மேலே எழும்பியது. திரும்பி வந்த குலம் இரண்டு கோப்பையையும் கீழே வைத்துவிட்டு, அந்தப் புடைப்பை விரலால் தட்டிப் பார்த்தான். "நான் உன்னைக் கூரையை ஒட்டச் சொன்னனானோ, அப்பளம் பொரிக்கச் சொன்னனானோ?"

வெயிலில் பார்க்க வேண்டிய நிறம்

நிறத்தை ரியூப் லைட்டுக்குக் கீழே தெரிவு செய்யாதீர்கள். துண்டுத் தகரத்தில் அடித்து, வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஹரிக்குக் கறுப்பு வேண்டும், முன்னால் நெருப்புச் சுவாலை வேண்டும். நாங்கள் தகரங்களை நடைபாதையில் வரிசையாகச் சாத்தி வைத்தோம். டோரீனுக்குக் கறுப்பும் நீலமும் பச்சையும் ஒரே சாம்பல்தான். மஞ்சளின் முன்னால் மட்டும் நின்றாள். பிறந்தநாள் கேக்கைக் கண்ட குழந்தை மாதிரி அவள் முகம் மலர்ந்தது.  ஹரி அவள் முகத்தைப் பார்த்தார், தன் கறுப்புத் தகரத்தைப் பார்த்தார். "இத்தனை வருசம் சிவப்பு பஸ் ஓட்டினேன், அப்போதும் என்ன நிறம் வேண்டுமென்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. மஞ்சளையே அடியுங்கள்."

கேஸ்கட்டை எண்ணுங்கள்

எஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே வைத்து இறுக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கட், ஒன்றே போதும். எஞ்சின் கட்டும்போது பழைய ஞாபகத்தில் மிதக்காதீர்கள். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

புறப்படுகிற நாள் காலை ஹரி எஞ்சினை முடுக்கினார். உறுமவில்லை. பசு அசைபோடுவது மாதிரி ஒரு சத்தம். அக்சலேற்றரை அடிவரை மிதித்தும் கார் மெல்ல மெல்ல, ஆறுதலாகத்தான் நகர்ந்தது. குலத்தின் முகம் வெளுத்துப்போனது. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மச்சான், நான் ரெண்டு கேஸ்கட் போட்டிட்டன்" என்றான்.

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த எண்ணெய்க்கு எஞ்சின் இணங்க வேண்டுமென்று அதன் தலைக்குக் கீழே ஒரு கேஸ்கட்டுக்கு இரண்டாகப் போட்டு, அமுக்கத்தைக் குறைத்து விடுவார்கள், வலுவும் அதோடு குறையும். எத்தனையோ காருக்குப் போட்ட கை, லண்டனில் பெற்றோல் கார் என்பதை மறந்து அதையே செய்துவிட்டது. எஞ்சினைத் திரும்பக் கழற்ற வேண்டும், இன்று போக ஏலாது என்று ஹரியிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். டோரீன் அவர் முழங்கையைத் தொட்டாள். "இந்த வேகமே போதும், ஹரி. விரைவாகப் போனால் எனக்கு ஒன்றும் பிடிபடாது."

போனார்கள். நாங்கள் எங்கள் வான் வண்டியில் பின்னால் போனோம். கடற்கரை ஊரான சவுத்எண்ட் வரை அந்த மஞ்சள் கார் நீர்ப்பாசி போல மிதந்து போயிற்று. சைக்கிள்காரர்கள்கூட முந்தினார்கள். பஸ் தரிப்புகளைக் கடக்கும்போது மட்டும் ஹரி நிற்காமல், காத்திருந்த சனத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் கையை உயர்த்தினார். கடற்கரையில் டோரீன் இறங்கவில்லை. சீட்டில் இருந்தபடியே வெகுநேரம் பார்த்தாள். "கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. எனக்குத் தெரிகிறது, ஹரி."

சர்வீஸ்

அடுத்த கோடையில் எண்ணெய் மாற்ற வந்தார்கள். டோரீனின் கண் அதற்குள் முழுதும் போய்விட்டது. குலத்துக்கு மனம் ஆறவில்லை. "இப்ப அந்தக் கேஸ்கட்டைக் கழட்டி விடுறன் எண்டு சொல்லு மச்சான். அந்தாள் ஆசைப்பட்ட வேகத்திலை போகட்டும்." சொன்னேன். ஹரி காருக்குள் பார்த்தார். டோரீன் முகத்தை வெயிலுக்குக் கொடுத்தபடி, தொப்பியோடு இருந்தாள். "வேண்டாம்" என்றார். "இப்போது வழியில் இருப்பதையெல்லாம் நான்தானே அவளுக்குச் சொல்ல வேண்டும். வேகமாகப் போனால் சொல்லி முடியாது."

ஆகவே, வேகத்துக்குக் கார் கட்டப்போகும் சொந்தக்காரரே, பக்கத்துச் சீட்டில் யார் இருக்கப்போகிறார் என்று கேட்டுவிட்டே எஞ்சினைப் பூட்டுங்கள், கேஸ்கட்டை மட்டும் வேறு ஆளைக்கொண்டு எண்ணச் செய்யுங்கள்.