கயிற்றின் மறுமுனை

எங்கள் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிக்கக் கிளியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, சாயம் போன மஞ்சள் பனியன். அவர் இடுப்பில் கட்டிய கயிறு உச்சிக் கவையைத் தாண்டி இறங்கி, பக்கத்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, என் மனைவியின் கையில் முடிந்தது. வழக்கமாகப் பிடிக்கும் ஆள் அன்று வரவில்லை.

கிளை மாறும்போதெல்லாம் மேலிருந்து கேட்பார்: "அம்மா, புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன் கண்ணு, போ."

பதில் வராமல் காலை எடுத்து வைக்கமாட்டார். அவளும் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னிடம் அவள் அவ்வளவு பேசிப் பல வருடங்கள் ஆயிற்று. நானும் அவளை எதுவும் கேட்டதில்லை. ஆனாலும் இந்த வயதில் எனக்குப் பொறாமை வந்தது.

காப்பி குடிக்க இறங்கியவரிடம், "இனிமே கயித்த நான் புடிக்கிறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க," என்று சிரித்தார். "அம்மா என்னையப் பாக்கறாங்க. நீங்க அம்மாவையே பாத்துட்டு நிக்கறீங்க."

அவர் மறுபடி ஏறிவிட்டார்.

அவ்வளவு உயரத்தில், அத்தனை இலைகளுக்கு நடுவிலிருந்து, அவர் என் முகத்தை எப்படிப் பார்த்தார் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி பார்க்கவில்லை. அவள் பார்க்காததால்தான் அவர் அன்று பத்திரமாக இறங்கினார்.