முப்பத்தொன்றாவது ஃப்ரிட்ஜ்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் கறார். அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில், வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொள்வார்.

எங்கள் மாவட்டம் பின்தங்கிய பட்டியலில் இருந்தது. அதனால் வரிச்சலுகை, அதனால் தலைநகர்ப் பக்கமிருந்து ஒரு காலுறை ஆலை, அதனால் கறாரின் மனைவிக்கு நாற்பத்தொரு வயதில் முதல் வேலை. அந்த அக்காவின் நடையே மாறிப்போயிற்று. இப்போது ஒரு புதுச் சீர்திருத்தம் வந்தது. நூறு வீட்டில் முப்பதுக்கு மேல் ஃப்ரிட்ஜ் இருந்தால் மாவட்டம் முன்னேறிவிட்டதாம். சலுகை போகும், ஆலையும் மூட்டை கட்டும்.

ஊரே ஃப்ரிட்ஜை ஒளித்தது. நான் என்னுடையதற்குப் போர்வை போர்த்தி, துணி பீரோ என்றேன். கறார் போர்வையை விலக்கிக் கதவைத் திறந்தார்.

"துணிக்கு நடுவுல தக்காளி எதுக்கு?"

"பூச்சி வராம இருக்கத்தான் சார்."

'உண்டு' என்று எழுதிக்கொண்டார். மனுஷனா இவர் என்று இருந்தது எனக்கு.

தொண்ணூற்றொன்பது வீட்டில் சரியாக முப்பது தேறியது. நூறாவது அவர் வீடு. வேறு ஆளை அனுப்பலாமென்றால் அலுவலகத்தில் வேறு ஆளே இல்லை. சீர்திருத்தம் அங்கேயும் வந்துவிட்டுப் போயிருந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

சமையலறை மூலை காலியாக இருந்தது.

"ஃப்ரிட்ஜ் எங்க?"

"எந்த ஃப்ரிட்ஜ்?" என்றார் அக்கா. குரல் கெட்டி. கண்தான் கலங்கியிருந்தது. ஆலைச் சம்பளத்தில் அவரே ஆசையாக வாங்கியது அது.

குளியலறைக்குள் 'உர்ர்' என்று ஒரு சத்தம். கறார் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, 'இல்லை' என்று எழுதினார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

மாவட்டம் பட்டியலில் தப்பியது. ஆனாலும் மூன்றே மாதத்தில் ஆலை பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே நூறு வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ்கூட இல்லையாம், அதனால் சலுகை இரட்டிப்பு.

ஆலை வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அக்கா, வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த கறாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொன்னீங்க. அதுலயும் இவ்வளவு கஞ்சத்தனமா?"